வீட்டில் இரவு விருந்து: பட்டியல் போடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் குடும்பத்திலும் அக்கம்பக்கத்திலும் யார் வீட்டில் விருந்து என்றாலும், ஒரு வாரத்துக்கு முன்பே என்னை அழைத்துப் பட்டியல் கேட்பது பழக்கமாகிவிட்டது. சந்தேகங்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப அவையே என்பதால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை எழுதிப் பதில் தந்திருக்கிறேன். இவை மண்டபத்து விசேஷங்களுக்கானவை அல்ல. 10 பேர் முதல் 25 பேர் வரை அழைத்து, வீட்டு அடுப்பிலேயே சமைத்து இரவில் பரிமாறுகிறவர்களுக்கானவை.

எத்தனை வகை செஞ்சா அது விருந்துன்னு ஆகும்?

ஐந்து போதும். வயிற்றை நிறைக்கும் வகை ஒன்று, அதற்குத் தோதான குழம்போ குருமாவோ ஒன்று, வறுவல் அல்லது பொரியல் ஒன்று, நாக்கைத் தெளிய வைக்கும் பச்சடியோ துவையலோ ஒன்று, இனிப்பு ஒன்று. அப்பளமும் ஊறுகாயும் கணக்கில் சேராதவை.

இந்த ஐந்தில் ஒன்றை மட்டும் விருந்தின் நாயகமாக வைத்துக்கொள்ள வேண்டும். பணத்திலும் நேரத்திலும் பாதி அதற்கே போகட்டும். மற்ற நான்கும் அதற்குத் துணை நிற்பவை. சிக்கன விருந்துக்கும் தாராள விருந்துக்கும் இந்த அமைப்பு மாறுவதில்லை. நாயகமாக எதை வைக்கிறோம் என்பதுதான் மாறும்.

பட்ஜெட்டை முதல்ல முடிவு பண்ணணுமா, பட்டியலையா?

இரண்டுமே முதலில் வருவதில்லை. தலைக்கணக்கு முதலாவது, எத்தனை அடுப்பு, எத்தனை கை என்பது இரண்டாவது, பணம் மூன்றாவது, பட்டியல் கடைசி. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகத் தொடங்கிவிட்டு, விருந்தன்று மாலை ஆறு மணிக்கு இருக்கிற இரண்டு அடுப்பில் நான்கு பாத்திரங்களை எங்கே வைப்பது என்று தவிக்கிறார்கள்.

நானே ஒருமுறை அப்படித் தவித்திருக்கிறேன். 15 பேர் வந்த ஓர் இரவுக்கு, மாவு வீட்டிலேயே இருக்கிறது, செலவே இல்லை என்று தோசையைப் பட்டியலில் சேர்த்தேன். ஆளுக்கு 3 தோசை என்றால் 45 தோசை. ஒரு தோசைக்கு இரண்டரை நிமிடம் என்றால் ஒற்றைக் கல்லில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். வந்தவர்கள் கூடத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நான் கல்லுக்கு முன்னால் நின்றேன். கடைசியாக வந்த தோசையைச் சாப்பிட்டவருக்கும் முதலில் சாப்பிட்டவருக்கும் நடுவில் ஒரு தொடர் நாடகமே முடிந்திருக்கும். அன்றிலிருந்து, பரிமாறும் நேரத்தில் அடுப்பில் நிற்க வைக்கும் வகை ஒன்றுக்கு மேல் எந்தப் பட்டியலிலும் இருக்கக் கூடாது என்பதை விதியாக வைத்திருக்கிறேன்.

ஒரு ஆளுக்கு எவ்வளவுன்னு கணக்கு போடறது?

பிரியாணி நாயகமாக இருந்தால் பெரியவர் ஒருவருக்கு 100 முதல் 125 கிராம் அரிசி. அதாவது 1 கிலோ அரிசி 8 முதல் 10 பேருக்கு வரும். எலும்புடன் கூடிய கறி ஆளுக்கு 150 கிராம். இட்லியோ இடியாப்பமோ என்றால் ஆளுக்கு 4. 1 கிலோ இட்லி அரிசிக்கு 250 கிராம் உளுந்து போட்டு அரைத்த மாவில் ஏறத்தாழ 60 இட்லி கிடைக்கும். குருமாவோ சொதியோ ஆளுக்கு 150 மில்லி, தயிர்ப் பச்சடி இரண்டு கரண்டி, பொரியலுக்கு நறுக்காத காயாக 75 முதல் 100 கிராம், பாயசம் 100 மில்லி. பத்து வயதுக்குட்பட்ட குழந்தையைப் பாதி ஆளாகக் கொள்ளலாம்.

இது ஐந்து வகை விருந்துக்கான கணக்கு. வகை கூடக்கூட ஒவ்வொன்றின் அளவும் குறைய வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பத்து வகை செய்து பத்திலும் முழு அளவு செய்பவர்கள் வீட்டில்தான் மறுநாள் குளிர்பெட்டியில் இடம் இருப்பதில்லை.

15 பேர் வர்றாங்க, கையில காசு கம்மி. ஆனா சிக்கனம் பண்ணினது தெரியக் கூடாது. என்ன பண்ணலாம்?

இதற்கு நான் முதலில் சொல்வது திருநெல்வேலிச் சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்துச் சாப்பாடு என்பதால் அதற்கு ஏற்கெனவே ஒரு மரியாதை உண்டு. ஆனால் உள்ளே போவது தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறி ஆகியவைதான். 15 பேருக்கு 5 தேங்காய், கால் கிலோ பாசிப்பருப்பு, உருளை, கேரட், பீன்ஸ், முருங்கை, பட்டாணி எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோ, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய், இறக்கியபின் பிழிய எலுமிச்சை. மதியம் என்றால் சோறு. இரவுக்கு இடியாப்பம் இன்னும் பொருந்தும். 60 இடியாப்பத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ மாவு ஆகும். கூடவே உருளைக்கிழங்கு சிப்ஸ், இஞ்சித் துவையல், சேமியாப் பாயசம். அதே 15 பேருக்குப் பிரியாணி செய்தால் ஆட்டுக்கறிக்கு மட்டும் ஆகும் பணத்தில் இந்த விருந்து முழுவதும் முடிந்து, மீதமும் இருக்கும்.

கவனம் தேவைப்படும் இடம் ஒன்றே. இரண்டாம், மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, வெந்த பருப்பைச் சேர்த்து, முதல் பாலை அடுப்பை அணைக்கும் நேரத்தில்தான் விட வேண்டும். அது கொதித்தால் திரிந்துவிடும். விருந்தினர் வரத் தாமதமானால் சொதியை மீண்டும் சூடாக்க வேண்டியிருக்கும் என்பதால், முதல் பாலைத் தனியே குளிர்பெட்டியில் வைத்திருந்து, இலை போட்டபிறகு சேர்ப்பது என் வழக்கம்.

இரவில் இஞ்சி ஆகாது என்று சொல்லும் பெரியவர்கள் வருவதாக இருந்தால் கொத்தமல்லித் துவையலுக்கு மாறிவிடலாம். சொதியிலேயே இஞ்சிச் சாறு விடுகிறோம் என்பது வேறு விஷயம். அதற்கு இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை.

அசைவம் இல்லாம என்ன விருந்துன்னு கேட்கிற சொந்தக்காரங்க. கம்மிச் செலவுல முடியுமா?

முடியும். ஆட்டுக்கறியின் விலை கறிக்கோழியைப்போல மூன்று மடங்குக்கும் மேல் இருப்பதால், ஆட்டுக்கறியை நாயகமாக்காமல் வாசனைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். அரைக் கிலோ எலும்பு வாங்கி, கடலைப்பருப்பும் கத்தரிக்காயும் மாங்காயும் சேர்த்துத் தால்சா வைத்தால் 15 பேர் சாப்பிடும் அந்தக் குழம்பில் கறியின் மணம் முழுவதும் இருக்கும். பக்கத்தில் வெறும் நெய்ச்சோறும் ஒரு கோழி வறுவலும் போதும்.

கோழி வறுவல் என்றால் பள்ளிபாளையம் முறையைப் பரிந்துரைப்பேன். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காய்ச் சில்லு என நான்கைந்து பொருளில் முடிந்துவிடும். மசாலாப் பொடிக்குத் தனிச் செலவில்லை. கோழியைச் சிறு துண்டுகளாக வெட்டி வாங்கினால் 2 கிலோவில் 15 பேருக்கு நிறைவாகப் பரிமாறலாம். முட்டையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்றும் சொல்லிவைக்கிறேன். ஆளுக்கு ஒரு முட்டை போட்ட நல்ல முட்டைக்குழம்பு மிஞ்சி நான் பார்த்ததில்லை.

செலவைப் பத்தி யோசிக்க வேண்டாம், 12 பேர்தான், பிரமாதமா இருக்கணும். அப்ப?

பணம் தாராளமாக இருக்கும்போது நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான்: ஆட்டுக்கறிப் பிரியாணி, சுக்கா, கோழி 65, இறால் தொக்கு, மீன் வறுவல் என ஐந்து நாயகங்களை ஒரே இலையில் வைப்பது. எல்லாம் சிவப்பு, எல்லாம் எண்ணெய், எல்லாம் காரம். மூன்றாவது கவளத்தில் நாக்கு களைத்துவிடும். எது நன்றாக இருந்தது என்று வந்தவருக்கே நினைவிருக்காது.

ஆகவே வகையைக் கூட்டாமல் பொருளின் தரத்தைக் கூட்டுங்கள். பட்டியல் இப்படி இருக்கலாம்: சிறு குவளையில் ஆட்டுக்கால் சூப், சீரகசம்பாவில் ஆட்டுக்கறிப் பிரியாணி, எண்ணெய்க் கத்தரிக்காய், ஆளுக்கு ஒரு துண்டு வஞ்சிரம், வெங்காயப் பச்சடி, இளநீர்ப் பாயசம். ஐந்துக்கு மேல் ஒன்று கூடியிருப்பது சூப். அதைக் காலையிலேயே கொதிக்கவிட்டு எடுத்துவைக்கலாம் என்பதால், பரிமாறும் நேரத்தில் அடுப்பில் நிற்க வைக்கும் வகை பற்றி இரண்டாம் பதிலில் சொன்ன விதிக்கு இது முரணல்ல. கறிக்கடையில் நேரில் நின்று, தொடையும் நெஞ்செலும்பும் கலந்து வாங்குங்கள். ஒரு வருடம் பழகிய சீரகசம்பா, நல்ல நெய், செக்கு நல்லெண்ணெய் ஆகியவற்றுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வாயில் தெரியும்.

இன்னும் பணம் மிச்சமிருந்தால் ஏழாவது வகைக்குப் போகாமல், பாத்திரம் துலக்கவும் பரிமாறவும் அன்று மாலைக்கு ஓர் ஆளை அமர்த்துங்கள். விருந்து கொடுப்பவர் விருந்தினரோடு உட்கார்ந்து சாப்பிடுவதைவிடப் பெரிய ஆடம்பரம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மீனும் இறாலும் வாங்கப் போனா விலை தலையைச் சுத்துது. எப்ப வாங்கறது?

தமிழகக் கடற்கரையின் கிழக்குப் பகுதியில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகு மீன் மட்டுமே வரும் என்பதால் வஞ்சிரம், வாவல் போன்றவற்றின் விலை அந்த நாள்களில் ஏறிவிடும். அப்போது விருந்து வைத்தால் மீனைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவது நல்லது. மற்றக் காலத்தில் சிக்கனமாக மீன் வேண்டுமென்றால் மத்தி, நெத்திலி, அயிலை; நெத்திலியை ஆய்வதற்கு மட்டும் ஒரு ஆளும் ஒரு மணி நேரமும் ஒதுக்க வேண்டும்.

இறாலில் தலையும் ஓடும் போனால் ஏறத்தாழ பாதி எடைதான் மிஞ்சும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் கேட்கும் விலையை இரண்டால் பெருக்கினால்தான் சட்டியில் விழுவதன் விலை வரும். நாட்டுக்கோழியும் அப்படித்தான்; உயிர் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழிவாகப் போய்விடும்.

தேதியை மாத்தினா செலவு குறையுமா?

கணிசமாகக் குறையும். முகூர்த்த நாள்களில் வாழை இலையும் பூவும் மட்டுமல்ல, மண்டபத்துக்குப் போகும் காய்கறியும் ஏறும். நாட்காட்டியைப் பார்த்து ஒரு நாள் தள்ளி வைப்பது எளிது. முருங்கைக்காய் மார்கழி, தை மாதங்களில் எட்டாத விலைக்குப் போய், கோடையில் இறங்கிவிடும்; ஆகவே மார்கழியில் சொதி வைப்பவர்கள் முருங்கையை விட்டுவிட்டு இன்னொரு கைப்பிடி பட்டாணியைச் சேர்க்கலாம். மாம்பழக் காலத்தில் இனிப்புச் செலவே வேண்டாம். குளிர வைத்து நறுக்கிய நல்ல பழம் எந்தப் பாயசத்துக்கும் குறைந்ததன்று.

புரட்டாசியில் கோழி விலை பொதுவாக இறங்கும் என்று அசைவ விருந்து வைக்கத் திட்டமிடுபவர்கள், அது ஏன் இறங்குகிறது என்பதையும் யோசிக்க வேண்டும்: சாப்பிட ஆள் குறைவு. அமாவாசை, கிருத்திகை, வெள்ளி, சனி விரதக்காரர்களையும் அழைக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

சைவம் சாப்பிடறவங்க 4 பேர், மிச்சம் அசைவம். ரெண்டு சமையல் பண்ணணுமா?

வேண்டாம். நாயகத்தை மட்டும் இரண்டாக்கி, மற்ற நான்கையும் சைவமாகப் பொதுவில் வைத்துவிடுங்கள். 16 பேருக்குக் கோழிப் பிரியாணி, 4 பேருக்குப் பலாக்காய் அல்லது காளான் பிரியாணி. கத்தரிக்காய், பச்சடி, பொரியல், இனிப்பு எல்லாருக்கும் ஒன்றே. சைவத்தில் சற்றுக் கூடுதலாக, 7 பேருக்குச் செய்யுங்கள். அசைவக்காரர்களும் ருசி பார்க்கக் கை நீட்டுவார்கள். சைவக்காரருக்குக் காய்கறிப் பொரியலும் தயிர்ச்சோறும் போதும் என்று விட்டுவிடுவதை நான் மரியாதைக் குறைவாகவே கருதுகிறேன்.

சைவத்தை முதலில் சமைத்து மூடிவைத்துவிட்டுப் பிறகு கறியைத் தொடுவது, கரண்டிகளைத் தனியே வைப்பது, மேசையின் இரு ஓரங்களில் வைத்துப் பரிமாறுவது ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவையே. வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் இருக்கிறார்களா, ஹலால் கறி மட்டுமே உண்பவர்கள் இருக்கிறார்களா, முந்திரியோ நிலக்கடலையோ ஒவ்வாதவர் உண்டா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். குருமாவில் அரைத்து விட்ட முந்திரி கண்ணுக்குத் தெரியாது.

4 பேருக்கான அளவை 20 பேருக்கு அஞ்சு மடங்கா போட்டா சரியா வருமா?

அரிசி, கறி, காய்கறி ஆகியவை ஐந்து மடங்கு; மற்றவை அல்ல. பட்டை, கிராம்பு, ஏலக்காயை மூன்று மடங்கில் நிறுத்துங்கள். உப்பையும் மிளகாயையும் நான்கு மடங்கு போட்டுவிட்டு, ருசி பார்த்து மீதியைச் சேருங்கள். பெரிய பாத்திரத்தில் ஆவியாகிப் போகும் நீர் ஒப்பளவில் குறைவு. சிறு பாத்திரத்தில் ஒரு பங்கு சீரகசம்பாவுக்கு இரண்டு பங்கு தண்ணீர் விடுபவர்கள், 2 கிலோ அரிசிக்கு ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் பங்கு வைத்தால் குழையாமல் வரும்.

யாரும் கணக்கிடாதது நேரம். 1 கிலோ சின்ன வெங்காயத்தை ஒருவர் உரிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம். சற்று நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் எளிதாகக் கழலும். நான்கு வெங்காயம் ஐந்து நிமிடத்தில் வதங்கும் அடுப்பில் ஒன்றரைக் கிலோ வெங்காயம் அரை மணி நேரம் கேட்கும். அதைப் பொறுக்காமல் பாதி வதக்கலில் தக்காளியைக் கொட்டுவதுதான் வீட்டுப் பிரியாணி பச்சை வாசனை அடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம்.

முதல் நாளே என்னென்ன செஞ்சு வைக்கலாம்?

பூண்டும் வெங்காயமும் உரிப்பது, இஞ்சி பூண்டு அரைப்பது, மசாலா வறுத்துப் பொடிப்பது, கறியைத் தயிரிலும் உப்பிலும் ஊறவைத்துக் குளிர்பெட்டியில் வைப்பது எல்லாம் முந்தின இரவுக்கு உரியவை. எண்ணெய்க் கத்தரிக்காயும் புளிக்குழம்பும் ஒரு நாள் பொறுத்தால் ருசி கூடும் என்பதால், தாராளமாக முன்பே செய்யலாம். கவுனி அரிசி இனிப்பு என்றால் அரிசி எப்படியும் இரவு முழுவதும் ஊற வேண்டும்.

தேங்காய்ச் சட்னி, தேங்காய்ப்பால், பச்சடி மூன்றும் அன்றன்றைக்கே. சேமியாப் பாயசத்தை மாலையில் செய்யலாம். ஆனால் ஆற ஆறச் சேமியா பாலை உறிஞ்சி இறுகிவிடும். பரிமாறும் முன் கலக்க அரை லிட்டர் காய்ச்சிய பாலை ஒதுக்கி வையுங்கள்.

எல்லாத்தையும் கடையில வாங்கிட்டா என்ன?

தவறில்லை, ஆனால் நாயகத்தை மட்டும் வீட்டில் செய்யுங்கள். உழைப்பு மிகுந்து, கைமணம் குறைவாகத் தேவைப்படும் இடியாப்பம், பரோட்டா, சிப்ஸ், இனிப்பு ஆகியவற்றை வெளியே சொல்லிவிடலாம். எங்கள் பகுதியில் வீட்டிலேயே இடியாப்பம் பிழிந்து விற்கும் ஓர் அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் ஏழரை மணிக்கு ஹாட்பாக்ஸில் சூடாக வந்துவிடும். அதில் மிஞ்சும் இரண்டு மணி நேரத்தை சொதிக்குக் கொடுப்பேன்.

சொன்னதைவிட ஆறு பேர் கூட வந்துட்டா?

நிறைப்பதற்கு ஏதாவது ஒன்றை எப்போதும் பின்னால் வைத்திருக்க வேண்டும். எனக்கு அது தயிர்ச்சோறு. அரைக் கிலோ அரிசி குக்கரில் 20 நிமிடத்தில் தயாராகிவிடும். இரவில் தயிர் வேண்டாம் என்பவருக்கு அதே சோற்றில் ரசம். சொதியாக இருந்தால் காய் வேகவைத்தது போக எடுத்துவைத்த மூன்றாம் பாலும் இரண்டு உருளைக்கிழங்கும் ஆறு பேருக்கு வழி செய்யும்.

அதைவிட முக்கியம், கறி வகையைத் தாமே எடுத்துக்கொள்ளும்படி மேசையில் வைக்காமல் வீட்டார் கையால் பரிமாறுவது. முதலில் வரும் ஐந்து பேர் துண்டுகளைத் தேடி எடுத்துவிட்டால், கடைசியில் உட்காருபவருக்கு வெறும் சோறுதான். கரண்டி நம் கையில் இருந்தால் 15 பேருக்குச் செய்தது 20 பேர் வரை நீளும்.

மிச்சமானதை மறுநாள் சாப்பிடலாமா?

விரைவாக ஆறவைத்து, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போன சோற்றையும் பிரியாணியையும் மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடலாம். இரவு முழுவதும் மேசையில் இருந்ததைக் கொட்டிவிடுங்கள். சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் வேகும்போதும் சாவதில்லை. வெளியே வைத்த சோற்றில் அவை முளைத்து உண்டாக்கும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. யாருக்காவது கொடுத்தனுப்புவதாக இருந்தால், விருந்தினர் இலையில் உட்காரும் முன்பே தனிப் பாத்திரத்தில் எடுத்துவைத்துச் சூடாகக் கொடுத்துவிடுங்கள்.

போன மாசம் அவங்க வீட்டுல பதினஞ்சு வகை போட்டாங்க. இப்ப நம்ம முறை. அஞ்சு வகை வெச்சா கேவலமா இருக்காதா?

அடிக்கடி வரும் கேள்விகளிலேயே சங்கடமானது இது; பணத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும் உண்மையில் மானத்தைப் பற்றியது. அவர்கள் வீட்டில் சாப்பிட்ட வகை எதையும் திரும்பச் செய்யாதீர்கள் என்பதே என் பதில். அவர்கள் பிரியாணி போட்டிருந்தால் நீங்கள் பிரியாணியின் பக்கமே போகக் கூடாது. போனால் ஒப்பீடு வந்துவிடும், பணம் கூடுதலாக உள்ளவரே வெல்வார். உங்கள் ஊருக்கோ வீட்டுக்கோ உரிய ஒன்றை நாயகமாக்குங்கள். கொங்குப் பக்கத்தவர் அரிசி பருப்புச் சோற்றை நெய் விட்டுப் பரிமாறலாம். செட்டிநாட்டார் இடியாப்பமும் கோழிக்குழம்பும், முடிவில் பால் பணியாரமும் வைக்கலாம். நெல்லைக்காரருக்கு நான்காம் பதிலில் சொன்ன சொதி இருக்கவே இருக்கிறது.

அப்படிச் சொதி வைத்த ஒரு வீட்டில், முந்தின மாதம் பதினைந்து வகை போட்ட அதே அம்மையார் சமையலறை வாசலில் வந்து நின்று, "இதில் முதல் பாலை எப்போது விட்டீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.